கோரம் சேராத ஊர்

‘ஆஸ்பதிரி இல்லையேல் ஓட்டு இல்லை.’ 1984 டிசம்பரில் எங்கள் ஊர்ச் சாவடிச் சுவரில் காவிக்கட்டியால் நான் எழுதிய வாசகம் இது. பத்தொன்பது வயசு, புரட்சி பொங்கும் பருவம். அந்த வேகத்தில் ‘த்’ விட்டுப்போனது. பள்ளிக்கூட வாத்தியார் சைக்கிளை நிறுத்திப் படித்துவிட்டு, “மொதல்ல ஒத்து வரட்டும்டா, அப்புறம் ஆஸ்பத்திரி வரட்டும்” என்றார். ஒற்றைச் சொன்னாரா, ஊரைச் சொன்னாரா என்று அன்றைக்குப் புரியவில்லை.

கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசல் ஊர். பஸ் ஏற நாலு மைல் நடக்க வேண்டும். அந்த ஐப்பசியில் சித்திக்கு வலி கண்டது. கயிற்றுக் கட்டிலில் படுக்கவைத்து நாலு பேர் தூக்கினோம். ஈரக் கரிசல் காலை விடாது. ஒரு அடி வைத்தால் அடுத்த காலைப் பிடுங்கித்தான் எடுக்க வேண்டும். பாதி வழியில் ஒரு உடைமரத்தடியில் பிள்ளை பிறந்தது. சித்தி பிழைத்தாள். பிள்ளை பிழைக்கவில்லை.

அதன்பிறகுதான் மனு. கையெழுத்துப் போடத் தெரிந்தவர்கள் முப்பது பேர்கூட இல்லை. மற்றவர்களிடம் ரேகை வாங்கப் போனால், “ரேகை வச்சுத்தான் எங்கப்பன் ரெண்டு ஏக்கரைத் தொலைச்சான்” என்று பெருவிரலை மடக்கிக்கொண்டார்கள். சித்தி பச்சை உடம்போடு திண்ணையில் வந்து உட்கார்ந்து முதல் ரேகையை வைத்தாள். அதற்கப்புறம் யாரும் விரலை மடக்கவில்லை.

ஓட்டுப் போடமாட்டோம் என்றதும் தாசில்தார் ஜீப்பில் வந்தார். எங்கள் உறுதியைக் குலைத்தது அவரல்ல, வீடியோதான். எம்.ஜி.ஆர். அப்போது நியூயார்க் புரூக்ளினில் சிகிச்சையில் இருந்தார். அவர் உடல் தேறி வருவதை ஊர் ஊராகப் படம் போட்டுக் காட்டினார்கள். எங்கள் பெண்கள் தேம்பித் தேம்பி அழுதார்கள். ஆஸ்பத்திரி கேட்ட ஊருக்கு ஆஸ்பத்திரியைக் கண்ணிலாவது காட்டினார்களே! தாசில்தார் ‘ஆவன செய்யப்படும்’ என்று எழுதிக் கொடுத்தார். ஊரே வரிசையில் நின்று ஓட்டுப் போட்டது. எம்.ஜி.ஆர். ஆண்டிபட்டிக்கு வராமலே ஜெயித்தார். எங்கள் ஆஸ்பத்திரி ஜெயிக்கவுமில்லை, வரவுமில்லை.

பிறகு பத்துப் பன்னிரண்டு வருஷம் மனுவோடு குடித்தனம். சமவெளியில் 30,000 பேருக்கு ஒரு ஆரம்ப சுகாதார நிலையம், 5,000 பேருக்கு ஒரு துணை நிலையம் என்பது சர்க்கார் கணக்கு. எங்கள் தலைக்கணக்கு 2,400. மனுநீதி நாளில் ஒரு அதிகாரி சிரித்துக்கொண்டே, “நீங்க பெத்துப் பெருகினாத்தாம்மா ஆஸ்பத்திரி” என்றார். சித்தி சிரிக்கவில்லை. “பெத்துப்போட ஆஸ்பத்திரி இல்லாமத்தான்யா பெருகல” என்றாள்.

1992-ல் அரசியல் சட்டத்தின் 73-வது திருத்தம், 1994-ல் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம், 1996-ல் உள்ளாட்சித் தேர்தல் என்று வரிசையாக வந்தன. மூன்றில் ஒரு பங்கு பெண்களுக்கு. அறிவொளி இயக்கத்தில் எழுத்துக் கற்றிருந்த சித்தி வார்டு மெம்பர் ஆனாள். தலைக்கணக்குதானே வேண்டும் என்று சுற்றுப்பட்டு ஊர்களுக்கு நடந்தாள். ஒவ்வொரு பஞ்சாயத்திலும் ஒரே தீர்மானத்தைப் போடவைத்தாள். தலைகள் சேர்ந்தன, கட்டடம் வந்தது. திறப்பு விழாக் கல்வெட்டில் ஏழு பெயர்கள். சித்தி பெயர் இல்லை. “கல்லுல பேரு இருந்தாக் காய்ச்சல் போயிருமாக்கும்?” என்று போய்விட்டாள்.

இது அன்று. இன்றோ, சுகாதார நிலையத்தில் ராத்திரியும் நர்ஸ் இருக்கிறார். 2008-க்குப் பிறகு 108-ஐக் கூப்பிட்டால் வாசலுக்கே வண்டி வருகிறது. கயிற்றுக் கட்டிலில் இப்போது வற்றல்தான் காய்கிறது. 300 ரூபாயில் தொடங்கிய முத்துலட்சுமி ரெட்டி பேறுகால உதவி 18,000 ஆகிவிட்டது. 2021 முதல் சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை வீடு தேடியே வருகிறது.

சுவரில் எழுதிய நான் என்ன ஆனேன் என்கிறீர்களா? ரத்த அழுத்தம் பார்க்க டவுனில் ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குப் போய்க்கொண்டிருந்தேன். “கவர்ன்மென்ட் ஆஸ்பத்திரியில கூட்டமா இருக்கு” என்று சொல்லிவிட்டு, அங்கே இரண்டு மணி நேரம் கூட்டத்தில் உட்கார்ந்திருந்தேன். காசு கொடுத்த கூட்டம் என்பதால் அது கூட்டமாகவே தெரியவில்லை.

2024-ல் நம்மூர் சுகாதார நிலையத்தில் தண்ணீர் மோட்டார் பழுதாகி இரண்டு மாதம் ஆயிற்று. பிரசவத்துக்கு வந்தவர்களின் மாமியார்கள் குடத்தில் தண்ணீர் சுமந்தார்கள். ஊர் வாட்ஸ்அப் குழுவில் புரட்சி வெடித்தது. ஒருவர் சிவந்த முகம் போட்டார். அதற்குப் பதினேழு பேர் கட்டைவிரல் காட்டினார்கள். அன்று மடக்கிய பெருவிரல், இன்று இப்படித் தாராளமாகிவிட்டது.

ஆகஸ்ட் 15 கிராம சபை. வழக்கமாக அந்நேரம் நான் டி.வி.யில் பட்டிமன்றம் பார்த்துக்கொண்டிருப்பேன். அன்று சித்தி வாசலில் வந்து நின்றுவிட்டதால் போனேன். வந்திருந்தவர்கள் பதினொரு பேர், மைக் செட்காரரையும் சேர்த்து. எங்கள் ஊர் அளவுக்குக் குறைந்தது 100 பேர் இருந்தால்தான் தீர்மானம் செல்லும். “கோரம் இல்லம்மா” என்றார் செயலர். பேருக்குப் பொருத்தமான நிலைமைதான். வழக்கமாக என்ன செய்வார்கள் என்பது எல்லாருக்கும் தெரியும். மறுநாள் நோட்டு, நூறு நாள் வேலை நடக்கும் கண்மாய்க்குப் போகும். நூறு நாள் வேலையில் நூறு கையெழுத்துக்கா பஞ்சம்?

சித்தி மைக்கை வாங்கினாள். “வீட்டுக்கு ஒரு ஆளு சாவடிக்கு வாங்க. ஆஸ்பத்திரி மோட்டாருக்குத் தீர்மானம் போடணும். வராத வீட்டு மருமகளுக்குப் பேறுகாலம் வந்தா, ஒருத்தரும் ஒரு குடம் தண்ணி தூக்கித் தராதீங்க!”

பன்னிரண்டே முக்காலுக்கு நோட்டில் 103 கையெழுத்து. தீர்மானம் எண் 7. சித்தி தன் பெயரை ஒற்றெழுத்து ஒன்றும் விடாமல் எழுதிவிட்டு, என் பக்கம் நோட்டைத் தள்ளினாள். “ஏலே, நீயும் போடு. பாத்து எழுது.”

பதினாறாம் நாள் புது மோட்டார் வந்தது. யாரும் ஜீப்பில் வரவில்லை, யாரும் ஓட்டைப் புறக்கணிக்கவில்லை. ஒரு கட்டடம் கேட்க அன்று எங்களுக்குப் பதினைந்து வருஷம் ஆனது. இன்று ஒரு மோட்டார் கேட்க ஒன்றேமுக்கால் மணி நேரம் போதுமாக இருந்தது. அதற்குத்தான் இரண்டு மாதமாக ஆள் கிடைக்கவில்லை.

கிராம சபை இப்போது வருஷத்துக்கு ஆறு முறை கூடுகிறது. அக்டோபர் 2 அன்று அடுத்தது. பதினாலு பேர் வந்திருந்தோம். மோட்டார் நன்றாக ஓடிக்கொண்டிருந்தது.