சட்டைப்பைச் சர்வர்: சிங்காநல்லூர் வட்டாரத்தை முன்வைத்து ஒரு முதல்நிலை ஆய்வு

சிங்காநல்லூரில் காந்திபுரம் பஸ்ஸுக்காக நிற்கும் இறுதியாண்டுக் கணினி மாணவனின் சட்டைப்பையில் ஓர் அப்பாச்சி வெப் சர்வர், ஒரு மரியாடிபி தரவுத்தளம், பிஎச்பி, போதாக்குறைக்குப் பெர்ல், எல்லாம் இருக்கின்றன. வெளிப்பார்வைக்கு அது மூடி தொலைந்துபோன ஒரு பென் டிரைவ். இவ்வரிய பொருளைப் பற்றிப் பழைய உரையாசிரியர்களான பேராசிரியரும் நச்சினார்க்கினியரும் ஒரு வரிகூட எழுதாமல் விட்டதற்கு, யூஎஸ்பி 1996இல்தான் வந்தது என்பதைத் தவிர வேறு தகுந்த காரணம் புலப்படவில்லை. அக்குறையைப் போக்கும் சிறு முயற்சி இது.

முதலில் தேவை. கல்லூரி லேபில் எதையும் இன்ஸ்டால் செய்ய முடியாது. அட்மின் பாஸ்வேர்டு லேப் உதவியாளரிடம் இருக்கும். லேப் உதவியாளர் டீக்கடையில் இருப்பார். வைவாவுக்கு வெளியிலிருந்து வந்திருக்கும் எக்ஸ்டர்னலோ மதியச் சாப்பாட்டுக்கு முன் முடிக்கப் பார்ப்பார். ஆகவே, போகிற இடத்தில் சோறு கிடைக்குமோ கிடைக்காதோ என்று கட்டுச்சோறு கட்டுவதுபோல, பிள்ளைகள் சர்வரையே கட்டி எடுத்துப்போகிறார்கள். ரெஜிஸ்ட்ரியைத் தொடவேண்டியதில்லை, சர்வீஸாகப் பதியவேண்டியதில்லை. கோப்புறையைத் திறந்து கன்ட்ரோல் பேனலில் ஸ்டார்ட்டை அழுத்தினால் போதும் என்பது கொள்கை.

இக்கொள்கைக்குக் கோவையில் முன்னோடி உண்டு. திருச்சியில் ரயில்வே ஊழியராக இருந்த கோவைக்காரர் சாமிக்கண்ணு வின்சென்ட், 1905இல் ஒரு பிரெஞ்சுக்காரரிடமிருந்து புரொஜெக்டரையும் படத்தையும் வாங்கி, கூடாரத்தையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போனார். அந்த ஊரில் கொட்டகை இருக்கிறதா என்ற கேள்வியே அவருக்கு எழவில்லை. தென்னாட்டுப் போர்ட்டபிள் சர்வர்களின் மூதாதை இதுவே என்பது இக்கட்டுரையின் துணிபு. பிறகு 1914இல் அவர் கோவையில் வெரைட்டி ஹால் திரையரங்கைக் கட்டியதை, கடைசியில் இன்ஸ்டால் செய்துவிட்டார் என்று கொள்ளவேண்டும். சிங்காநல்லூரோ தொடக்கத்திலேயே இன்ஸ்டால் செய்த வகை: சென்ட்ரல் ஸ்டுடியோ இருந்த இடத்தில் இருந்தது, ‘ராஜகுமாரி’ (1947) பட வேலைக்காக மு. கருணாநிதிதான் இங்கே வந்து குடியிருந்தார்.

கருவிகளின் வரலாறு சுருக்கமானது. யூஎஸ்பியை உருவாக்கிய இன்டெல் குழுவின் முன்னணியில் இருந்தவர் குஜராத்தில் பிறந்த அஜய் பட். 2000இல் சிங்கப்பூரின் டிரெக் நிறுவனமும் ஐபிஎம்மும் பென் டிரைவ்களைக் கடைக்குக் கொண்டுவந்தன. ஐபிஎம் விற்றதன் கொள்ளளவு 8 எம்பி. 2002இல் ஜெர்மனியின் கை சைட்லரும் கை ஃபோகல்கெசாங்கும் அப்பாச்சி ஃபிரெண்ட்ஸ் என்ற பெயரில், சர்வர், தரவுத்தளம், பிஎச்பி, பெர்ல் எல்லாம் சேர்ந்த ஸாம்ப் மூட்டையைக் கட்டத் தொடங்கினார்கள். அதன்பின் நம் பிள்ளைகளுக்கு இரவில் தூக்கம் இல்லை.

இனி முதன்மை வாதம். எதையும் எதிர்பாராத இந்தச் சர்வர் உண்மையில் வீட்டுக்காரனிடம் இரண்டு பொருள்களைக் கேட்கிறது: ஓர் எழுத்து, ஓர் எண்.

எழுத்து என்பது விண்டோஸ் கொடுக்கும் டிரைவ் எழுத்து. ஏயும் பியும் மறைந்த ஃபிளாப்பிகளுக்கு ஒதுக்கப்பட்டு இன்றும் காலியாகவே கிடக்கின்றன. சி ஹார்டு டிஸ்குக்கு. மிச்சமிருப்பதில் எது கிடைக்கிறதோ அது பென் டிரைவுக்கு. வீட்டில் ஈ கிடைக்கும், லேபில் ஜி கிடைக்கும். அமைப்புக் கோப்பு முழுக்க ஈ என்று எழுதிவைத்த சர்வர், ஜியில் கண்விழித்து ஈயைத் தேடும். “என்ற ரூம்ல ஓடுச்சுங்க சார்” என்னும் புகழ்பெற்ற வாக்குமூலம் பிறப்பது இந்த இடத்தில்தான். மாணவன் சொல்வது பொய்யில்லை என்று இந்த ஆய்வு உறுதி கூறுகிறது. ஸாம்ப் கோப்புறைக்குள்ளேயே செட்அப்_ஸாம்ப் என்றொரு சிறு கோப்பு உண்டு. அதை ஒருமுறை ஓட்டினால் பாதைகளைத் திருத்திவிடும். அதை ஓட்டியவர்களுக்கு இந்த வாக்குமூலம் தேவைப்படுவதில்லை.

எண் என்பது போர்ட். 65,535 வரை போர்ட்டுகள் இருக்க, வெப் சர்வர்கள் அத்தனைக்கும் 80தான் வேண்டும். போய்ப் பார்த்தால் விண்டோஸின் சொந்த ஐஐஎஸ் அங்கே ஏற்கெனவே உட்கார்ந்திருக்கக்கூடும். ஒரு காலத்தில் ஸ்கைப்கூட, கூப்பிடுவார் யாருமின்றி, 80இல் துண்டு போட்டு வைத்திருந்தது. அமைப்புக் கோப்பில் 80ஐ 8080 ஆக மாற்றினால் சண்டை தீரும். இதற்கிடையே ஃபயர்வால் ஒரு பெட்டியைக் காட்டி அட்மின் அனுமதி கேட்டு மிரட்டும். கேன்சல் செய்தாலும் குடி முழுகாது. தனக்குத்தானே பேசிக்கொள்வதை ஃபயர்வால் தடுப்பதில்லை.

தனக்குத்தானே பேசும் அந்த முகவரிதான் 127.0.0.1, செல்லமாக லோக்கல்ஹோஸ்ட். 127இல் தொடங்கும் 1,67,77,216 முகவரிகளும் இந்த ஒரே வேலைக்காக ஒதுக்கப்பட்டவை. உலகில் ஐபி முகவரிப் பஞ்சம் வந்தபோதும் இதில் யாரும் கைவைக்கவில்லை. லோக்கல்ஹோஸ்ட் லிங்க்கை வாட்ஸாப்பில் துபாய்ச் சித்தப்பாவுக்கு அனுப்பி, “எப்படி இருக்குதுங் சித்தப்பா?” என்று கேட்கும் மாணவர்களும் உண்டு. சித்தப்பா அதைத் தட்டினால், அது சித்தப்பாவின் போனுக்குள்ளேயே சர்வரைத் தேடும். “சூப்பர்டா கண்ணு” என்று பதில் வருவது பாசத்தால் மட்டுமே.

வைவா முடிந்ததும் பென் டிரைவைப் பிடுங்குவது தனி இயல். 2018 இறுதியில் வந்த விண்டோஸ் 10 பதிப்பிலிருந்து, எஜெக்ட் கொடுக்காமலே பிடுங்குவதற்குத் தோதான அமைப்பே இயல்பாக வருகிறது. அது எழுதி முடித்த கோப்புகளைத்தான் காக்கும். ஓடிக்கொண்டிருக்கும் தரவுத்தளத்தை அல்ல. அப்படிப் பிடுங்கிய சர்வரை அடுத்த முறை எழுப்பினால், மைஎஸ்க்யூஎல் எதிர்பாராமல் நின்றுவிட்டது என்று சிவப்பில் வரக்கூடும். (மூட்டைக்குள் 2015 முதல் இருப்பது மரியாடிபி, பெயர்ப் பலகையைத்தான் மாற்றவில்லை.) காரணங்களையும் அதுவே அடுக்கும்: போர்ட் அடைபட்டிருக்கலாம், தேவையான கோப்பு இல்லாதிருக்கலாம், அனுமதி போதாதிருக்கலாம், நொறுங்கியிருக்கலாம், வேறு வழியில் நிறுத்தப்பட்டிருக்கலாம். இந்த ஐந்துக்கும் வெளியே உலகில் எந்தச் சர்வரும் நின்றதாகத் தெரியவில்லை.

ஆகவே அடுத்த வாரம் வைவாவுக்குப் போகிறவர்களுக்கு: ஸ்டாப்பை அழுத்திவிட்டுப் பிடுங்குங்கள். முந்தின இரவே பிஎச்பிமைஅட்மினில் எக்ஸ்போர்ட் கொடுத்து, அந்த எஸ்க்யூஎல் கோப்பை உங்கள் மெயிலுக்கே ஒரு பிரதி அனுப்பி வையுங்கள். பென் டிரைவ் பஸ்ஸில் விழுந்தால், எடுத்தவருக்கு உள்ளே புக ஒரு தடையும் இருக்காது. ஸாம்பில் ரூட்டுக்கு இயல்பாகப் பாஸ்வேர்டு கிடையாது.