கெலிசா வாங்கிய மருமகனுக்கு

வாடா மருமவனே! தொட்டி வாங்கியிருக்கியாமே. உன் அடுப்பங்கரையைவிட மீனு வீடு பெருசுன்னு கோலா சாவா முழுக்கப் பேச்சு. கெலிசா மீனு வச்சா காசு கொட்டும்னு தவுக்கே சொன்னாராக்கும்? நெசந்தான், கொட்டிருச்சே, அவரு கல்லாவுல.

செதிலு காசாட்டம், மீசை டிராகனாட்டம்னு சீனவங்க ராசி பார்த்தாங்க. அதுக்கு முந்தி அது வெறும் குழம்பு மீனு, அதுவும் பெருசா ருசியில்லாதது. எப்ப ராசியான மீனாச்சோ, அப்பப் பிடிச்சது அதுக்குச் சனி.

பொட்டை முட்டை போட்டதும் அப்பன்காரன் அதை வாயில அள்ளிக்குவான். குஞ்சு பொரிச்சு, தானா நீந்துற வரைக்கும், ரெண்டு மாசம் கிட்ட வாய்க்குள்ளதான் குடித்தனம். அதுவரைக்கும் பட்டினி. நீயும் இருக்கியே, சாவு வீட்டுலகூட ரெண்டு நிமிஷம் வாயை மூட மாட்டே! ஒரு ஈட்டுல நூறு குஞ்சு தேறுறதே பெரிய விசயம். அது வயசுக்கு வர மூணு நாலு வருசம். குஞ்செல்லாம் அப்பன் வாய்க்குள்ள இருக்கிறதே திருடனுக்குத் தோதாப் போச்சு. அப்பனைப் பிடிச்சு, வாயைப் பிளந்து ஒரு உலுக்கு. மொத்தக் குடும்பமும் பையில.

நம்ம பகாவ் தாண்டி, பகாங்குல தாசேக் பெரா இருக்கே, 1994-ல மலேசியாவுல முதல்ல ராம்சார் ஈரநிலப் பட்டியல்ல ஏறினது, அங்க பச்சைக் கெலிசா. பேராக்குல புக்கிட் மேரா, கிரியான் வயலுக்காக 1906-ல வெள்ளைக்காரன் கட்டின தேக்கம், அங்க தங்கக் கெலிசா. இப்ப அது கொழுத்துக் கிடக்கிறது பக்கத்துப் பண்ணைக் குளத்துலதான்.

1975-லயே ஆத்துக் கெலிசாவை நாடு விட்டு நாடு விக்கக் கூடாதுன்னு பூட்டு போட்டாச்சு. பதிவான பண்ணைக் குஞ்சுக்குத்தான் வழி. அதுக்கும் சதைக்குள்ள சிப்பு குத்தி, சர்டிபிகேட் தருவாங்க. உனக்கு ஐசி மாதிரிதான். ரெண்டு நம்பரும் ஒத்துப்போகுதான்னு பார்த்தியா? ஏன்டா முழிக்கிறே? "ஆத்து மீனு, அதான் மலிவு"ன்னு எவனாவது காதுல ஓதினானா? மீன்வளத்துறை ஆளுங்க வாசலுக்கு வந்தா மாமன் பேரைச் சொல்லிடாதே, எனக்கு வயசாச்சு.

அப்புறம், தொட்டிக்கு ஒரு மூடி போடு. கிளையில இருக்கிற பூச்சியையே தாவிப் பிடிக்கிற சாதி அது. ராத்திரி துள்ளி வெளிய விழுந்துச்சுன்னு வை, உன் அத்தைக்காரி சர்டிபிகேட்டையா தேடுவா? புளியைக் கரைச்சிடுவா.