கடுவனுக்கு ஒரு தனிக்குடித்தனம்

ஐந்தாறு பூனை வளர்க்கிற வீட்டில் கடைசியாக வந்து ஒட்டிக்கொள்வது பெரும்பாலும் தெருவில் திரிந்த ஒரு கிழட்டுக் கடுவன்தான். காதில் ஒரு கிழிசல், கன்னத்தில் பழைய தழும்பு. எந்தச் சண்டையில் வாங்கியது என்று அதற்கே நினைவிருக்காது. அதை வேறொரு நல்ல வீட்டுக்குக் கொடுத்துவிடலாமே என்று சொல்லிப் பாருங்கள். பெற்ற தகப்பனை முதியோர் இல்லத்தில் தள்ளச் சொன்னதுபோல வீடே முகத்தைத் திருப்பிக்கொள்ளும். இதில் ஒரு சின்னக் கோளாறு. ஒரே ஹாலில் ஆறு பேர், மணியடித்தால் சாப்பாடு, கழிப்பறைக்கு வரிசை என்று அது இப்போது இருக்கிற இடத்துக்குத்தான் அந்தப் பெயர் பொருந்தும். நாம் அதற்குக் கேட்பது தனிக்குடித்தனம்.

கூட்டுக்குடும்பம் பூனையின் ரத்தத்திலேயே இல்லை. வீட்டுப் பூனையின் மூதாதை மேற்காசியா, வட ஆப்பிரிக்காப் பக்கத்துக் காட்டுப்பூனை. தனியே வேட்டையாடி, தனியே தின்று, தனியே தூங்கிய ஜாதி. தெருப்பூனைகள் கூட்டமாக இருப்பது உண்டு. விசாரித்தால் அம்மா, சித்தி, மகள் என்று பெண்வழி உறவாக இருக்கும். கடுவன் அங்கே வந்து போகிற விருந்தாளி. “எங்கள் வீட்டில் சண்டையே கிடையாதே” என்பார்கள். பூனைச் சண்டையில் சத்தம் கடைசி அத்தியாயம். முதல் அத்தியாயத்தில் சமையலறை வாசலில் ஒரு பூனை சும்மா படுத்திருக்கும். சும்மா என்று நாம் நினைக்கிறோம், அது சுங்கச்சாவடி. கிழவன் வருவான், நிற்பான், எதையோ மறந்துவிட்டு வந்தவன்போலத் திரும்பிப் போய் பீரோ மேல் ஏறிக்கொள்வான். தண்ணீர் குடிப்பது தள்ளிப்போயிற்று. மண் தட்டுக்குப் போவதும் தள்ளிப்போயிற்று. இப்படியே பயந்து பயந்து அடக்கினால் சிறுநீர்ப்பையில் கோளாறு வரும். ஆண் பூனைக்கு நீர்த்தாரை அடைத்துக்கொண்டால் ஓரிரு நாளில் உயிருக்கே ஆபத்து. தலைக்கு ஒரு மண் தட்டு, உபரியாக ஒன்று என்பது கால்நடை மருத்துவர்களின் கணக்கு. ஆறு பூனைக்கு ஏழு தட்டு. இரண்டு படுக்கையறை ஃபிளாட்டில் ஏழு தட்டையும் வைத்தபின் மனிதர்களை எங்கே வைப்பது?

சரி, கிழட்டுப் பூனையை யார் கேட்பார்கள் என்பது அடுத்த கேள்வி. நியாயமான கேள்விதான். பாரதியாரே பூனையைப் பாடியபோது குட்டிகளின் நிறங்களை வரிசையாகச் சொன்னார். கிழட்டுக் கடுவனுக்கு அந்தப் பாட்டில் இடமில்லை. ஆனால் குட்டி என்பது முகவரி எழுதாத கடிதம். வளர்ந்து என்னவாகும் என்று தெரியாது. தெரியும்வரை இரவு மூன்று மணிக்குத் திரைச்சீலையில் தொங்கும். பத்து வயதுப் பூனை என்றால் மனிதக் கணக்கில் ஏறத்தாழ 56. தமிழக அரசு ஊழியருக்கு 60 வரை வேலை உண்டு. அந்தக் கணக்கில் கிழவனுக்கு இன்னும் சர்வீஸ் பாக்கி இருக்கிறது. வீட்டுக்குள்ளேயே வளரும் பூனை 15 வயதைத் தாண்டுவதும் சகஜம். நாளில் பெரும்பகுதி தூங்கும். அதைவிட முக்கியம், பிறந்த இரண்டாவது வாரத்திலிருந்து ஏழாவது வாரம்வரை மனிதக் கை படாத பூனை பிறகு மனிதரை நம்புவது அபூர்வம். தானாக வந்து காலில் கன்னத்தை உரசுகிற தெருக்கிழவன் அந்தப் பாடத்தை எங்கேயோ, யார் வீட்டுத் திண்ணையிலோ எப்போதோ படித்து முடித்தவன்.

இவ்வளவும் கேட்டுவிட்டு, சாக்கில் கட்டி மீன் மார்க்கெட் பக்கம் விட்டுவந்தால் பிழைத்துக்கொள்ளாதா என்று ஒருவர் கேட்பார். பசி தாகத்தில் வாடும்படி விலங்கைக் கைவிடுவது 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். முதல் தடவைக்கு அபராதம் பத்து ரூபாய் முதல் ஐம்பது ரூபாய் வரை. அந்தப் பணத்துக்கு ஒரு கிலோ மத்திமீன்கூட வராது. சட்டத்தை விடுங்கள், பூனையே திரும்பி வந்து உங்களை ஒரு பார்வை பார்க்கும், அது போதும். வீடு மாற்றுவது வேறு, வீசிவிட்டு வருவது வேறு. வீடு மாற்றுவது கிட்டத்தட்டச் சம்பந்தம் பேசுவது மாதிரி. கல்யாணத் தரகர் பாணிப் பொய்தான் ஆகாது. குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் ஆயிற்றா, பல் எத்தனை பாக்கி, சிறுநீரகம் எப்படி என்று எல்லாவற்றையும் சொல்லி, மருத்துவச் சீட்டுகளையும் கையில் கொடுக்க வேண்டும். வயதான பூனைக்குச் சிறுநீரகக் கோளாறு வருவது வழக்கம், செலவு வைக்கும். அதில் ஒரு பங்கை அனுப்பிவைக்கிற வீடு சீராக ஏற்றுக்கொண்டால் தப்பில்லை. போகிற வீட்டில் வேறு பூனை இருக்கக் கூடாது. மூன்று வாரமாவது கதவைத் திறந்து விடக் கூடாது. விட்டால் பழைய வாசலுக்கே நடையைக் கட்டும். முதல் சில நாள் ஒரே அறை, ஒரு அட்டைப்பெட்டி, ஒரு தட்டு மண் போதும். அது வழக்கமாகப் படுத்த போர்வையையும் கூடவே அனுப்புங்கள். தயவுசெய்து துவைக்காமல்.