பன்னிரண்டைக் கழித்தால் போதுமா?

கேள்வி: எங்கள் மில் டேட்டாபேஸில் ஷிஃப்ட் நேரமெல்லாம் 1430, 2215 என்று வெறும் எண்ணாக இருக்கிறது. ரிப்போர்ட்டில் 2:30 பிஎம் என்று வர வேண்டுமாம். பன்னிரண்டைக் கழித்தால் போதும்தானே?
– ஈரோடு வாசகர்

பதில்: மதியம் ஒரு மணிக்கு மேல் தாராளமாகக் கழியுங்கள். வம்பு பண்ணுவதெல்லாம் நண்பகலும் நள்ளிரவும்தான். 1230-இல் கழித்தால் பூஜ்யம் மணி! அது 12:30 பிஎம்மாகவே இருக்கட்டும். நள்ளிரவு 0030 இன்னும் மோசம். எண்ணாகச் சேமித்ததால் முன்னால் நின்ற பூஜ்யங்கள் ஓடிப்போய், 30 மட்டும் அநாதையாக நிற்கும். எனவே நூறால் வகுத்து, ஈவை மணியாகவும் மீதியை நிமிடமாகவும் எடுத்து, முறையான நேர வகைக்கு மாற்றிவிடுங்கள். அப்புறம் கழித்தல் கணக்கே வேண்டாம். மைஎஸ்க்யூஎல்லில் டைம் ஃபார்மட், போஸ்ட்கிரஸிலும் ஆரக்கிளிலும் டூ-சார் பார்த்துக்கொள்ளும்.

டூ-சாரில் நிமிடத்துக்கு 'எம்ஐ' போடுங்கள். 'எம்எம்' என்றால் மாதம். ஆரக்கிள் தேதியில் அதைப் போட்டுவிட்டால் மார்ச் முழுக்க எல்லா ஷிஃப்டும் மணி அடித்து மூன்றாவது நிமிடத்தில் தொடங்கும்!

தயவுசெய்து 'பிஎம்' ஒட்டிய நேரத்தை எழுத்தாகச் சேமிக்காதீர்கள். வரிசைப்படுத்தினால் மதியம் 02:30 வந்து காலை 09:00-க்கு முன்னால் உட்கார்ந்துகொள்ளும். டேபிளில் 24 மணிக் கணக்கே இருக்கட்டும்; ரிப்போர்ட்டில் மட்டும் மாற்றுங்கள். நைட் ஷிஃப்டுக்குத் தேதியையும் கூடவே அச்சிடுங்கள். ரயில் டிக்கெட்டில் 00:15 பார்த்துவிட்டு மறுநாள் இரவு பெட்டியும் கையுமாக வந்து நிற்பவர்கள் இன்றும் உண்டு.