மனிதர் என்பதற்கு அத்தாட்சி

2019-இல் புவிசார் குறியீடு பெற்ற கொடைக்கானல் மலைப்பூண்டு மூட்டை மூட்டையாக வந்திறங்கும் வடுகபட்டிச் சந்தையில், சிட்டையும் பேரேடுமாகக் காலந்தள்ளும் மண்டிக்காரர் ஒருவர், ஒருவரி நிரலும் எழுதாமல், வாயால் சொன்ன மாத்திரத்தில் கணக்குச் செயலியைச் சமைத்துத் தரும் செயற்கை நுண்ணறிவுச் சாதனம் உண்டெனக் கேள்வியுற்று அதன் சன்னிதியை அடைகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஸோஹோ நிறுவனம் நிரல் அதிகம் வேண்டாத 'கிரியேட்டர்' சாதனத்தை 2006-லேயே வெளியிட்டுவிட்டது. பேச்சாலேயே நிரல் செய்விக்கும் வித்தைக்கு 2025 பிப்ரவரியில் செயற்கை நுண்ணறிவு ஆய்வாளர் ஆந்திரே கர்ப்பாத்தி 'வைப் கோடிங்' என்று நாமகரணம் செய்தபின் மோகம் பெருகிற்று, அவ்வளவே.

உள்ளே அர்ச்சனை சுலபம்தான், கெடுபிடியெல்லாம் வாயிலில். மின்னஞ்சல், விசேஷக் குறியோடு கூடிய கடவுச்சொல், பிறகு ஆறிலக்க ஓடிபி; அதுவோ லோடு ஏற்றப் போன மகனுடைய கைபேசிக்குப் போய்ச் சேரும். இத்தனையும் தாண்டியபின், ஒன்பது கட்டங்களில் தீயணைப்புக் குழாய் உள்ளவற்றைத் தொட்டு, தாம் இயந்திரம் அல்லர் என்று நிரூபிக்கும்படி இயந்திரமே ஆக்ஞாபிக்கிறது. தண்ணீர்க் குழாயன்றி வேறு குழாயைத் தெருவில் கண்டிராத மனிதர், அமெரிக்க நடைபாதையில் நிற்கும் அந்தக் குட்டை விக்கிரகத்தை எங்ஙனம் அறிவார்? அடுத்தது போக்குவரத்து விளக்கு. கம்பத்தின் நுனி பக்கத்துக் கட்டத்தில் நூலளவு நீண்டிருந்தால் அதையும் தொடுவதா, விடுவதா என்பது தர்க்க சாஸ்திரிகள் தீர்க்கவேண்டிய விவகாரம். பூண்டை நசுக்கி முகர்ந்த க்ஷணத்தில் மலையதா, வெளியூர்ச் சரக்கா என்று சொல்லிவிடுவாரே, அந்தப் பரீட்சையை வைப்பாரில்லை.

இதற்குள் கணக்குப்பிள்ளை அன்றைய சிட்டையைப் பென்சிலால் எழுதி, கூட்டலும் போட்டு, டீக்கடைக்குக் கிளம்பிவிட்டார்.