பூசான் ரயிலும் டாலர் லாரியும்

கேள்வி: 'ட்ரெயின் டு பூசான்' என்ற கொரிய ஜாம்பி படம் பார்த்து அழுதேன். அதன் தொடர்ச்சியான 'பெனின்சுலா' பார்த்துக் கொட்டாவி விட்டேன். இரண்டுக்கும் ஒரே இயக்குநர்தானா?

பதில்: அதே யோன் சாங்-ஹோதான்! 2016-இல் அவருக்கு ஒரு ரயிலே போதுமாயிருந்தது. ஜாம்பிகளுக்கு இருட்டில் கண் தெரியாது என்பதால், சுரங்கப்பாதை வந்ததும் பயணிகள் சாமான் வைக்கும் தட்டில் ஊர்ந்து போவார்கள் பாருங்கள், நமக்கு மூச்சே நின்றுவிடும். மகளுக்காகத் துடிக்கும் அப்பா வேறு. 2020-இல் அப்பாவின் இடத்துக்கு ஒரு லாரி டாலர் வந்துவிட்டது. கம்ப்யூட்டரில் செய்த கார் துரத்தலில் ஜாம்பிகள் கொத்துக்கொத்தாக நசுங்க, பயப்பட வேண்டிய நாம் அவர்களுக்காகப் பரிதாபப்படுகிறோம். ரிமோட் பொம்மைக் காரை ஓட்டி ஜாம்பிகளைத் திசைதிருப்பும் சிறுமி மட்டும் அருமை. படத்தையே அவளிடம் கொடுத்திருக்கலாம்!