புத்திர பௌத்திர மேக்ரோ: கிரயப் பத்திரம் தன்னைத் தானே எழுதிக்கொள்வது குறித்த ஓர் ஆராய்ச்சி

பத்திரவியல் என்றொரு துறையைப் பல்கலைக்கழகங்கள் இன்னும் தொடங்கவில்லை. ஆனால் திருமங்கலம், மேலூர், உசிலம்பட்டி சார்பதிவாளர் அலுவலகங்களை ஒட்டிய டைப்பிங் கடைகளில் அதன் முதல் விதி எப்போதோ நிறுவப்பட்டுவிட்டது: எந்தப் பத்திரமும் புதிதாக அடிக்கப்படுவதில்லை. போன வாரத்துப் பத்திரத்தைத் திறந்து, வேறு பெயரில் சேமித்து, ஆளை மாற்றினால் அதுவே இந்த வாரத்துப் பத்திரம்.

முறை பழையது. முதலாம் ராஜராஜன் தொடங்கிவைத்த மெய்க்கீர்த்தி, பிற்காலப் பாண்டியர் கல்வெட்டுகளிலும் உண்டு. அரசனின் புகழ் மேலே அப்படியே நிற்க, ஆட்சியாண்டு, ஊர், நிலம், கொடையாளி மட்டும் கோயிலுக்குக் கோயில் மாறும். கடைசியில், தர்மத்தைக் கெடுப்பவனுக்குக் காராம்பசுவைக் கொன்ற பாவம். பிழையைக் கையாளும் பகுதியை இவ்வளவு கடுமையாக எழுதிய நிரலாளர் பின்னர் பிறக்கவில்லை.

கணினிக் காலத்தின் முதல் விபத்து 'ரீப்ளேஸ் ஆல்'. விற்பவர் பெயர் மீனாட்சி என்றிருந்த கோப்பில், ஒரே தட்டில் ராஜம்மாள் என்று மாற்றுவதாகக் கொள்வோம். 'மீனாட்சியின்' என்பது 'ராஜம்மாள்யின்' ஆகும். மீனாட்சி நகர் ராஜம்மாள் நகராகும். முகவரியில் கோயில் பெயரும் இருந்துவிட்டால், சுந்தரேசுவரருக்கே புதுச் சம்பந்தம் ஏற்பட்டுவிடும். சித்திரைத் திருவிழா நடக்கும் ஊரில் இது சின்ன விஷயமல்ல.

இங்கேதான் பழைய பத்திர எழுத்தர்களின் மதிநுட்பம் வெளிப்படுகிறது. கிரயப் பத்திரம் என்பது விற்பவர் வாங்குபவருக்கு எழுதும் கடிதம். தலைப்பகுதியில் வாங்குபவர் பெயருக்குப் பின்னால் 'அவர்களுக்கு' என்றும், விற்பவர் பெயருக்குப் பின்னால் 'ஆகிய நான்' என்றும் வரும். அதற்குப் பிறகு 'நான்', 'தாங்கள்' மட்டுமே. புத்திர பௌத்திர பாரம்பரியமாய் ஆண்டு அனுபவித்துக்கொள்ளும் வரை இருவர் பெயரும் தலைகாட்டாது. கண்ணன் ஆனாலும் ராஜா ஆனாலும் வேற்றுமை உருபை 'அவர்கள்' தாங்கிக்கொள்ளும். பெயருக்கு இரண்டே காலியிடம், மற்றதெல்லாம் அசையாத வாசகம். வேர்டுக்குள் தானாக ஓடும் சிறு நிரலான மேக்ரோவுக்கு இதைவிடத் தோதான உரைநடை உலகில் இருக்கிறதா என்று தேடலாம். இந்த ஆய்வு தேடவில்லை.

மேக்ரோவின் வேலை மிச்சத்தைப் பார்ப்பது. வேர்டு 97 முதல் விபிஏ மொழியில் எழுத முடிகிறது. டெம்ப்ளேட்டுக்குள் 'ஆட்டோநியூ' என்று பெயரிட்ட மேக்ரோ, அந்த டெம்ப்ளேட்டிலிருந்து புதுக் கோப்பு பிறந்ததுமே ஓடிவந்து பெயர், வயது, த/பெ அல்லது க/பெ என்று கேட்கத் தொடங்கும். 5 சென்ட் என்றால் 2,178 சதுர அடி என்று தானே போட்டுக்கொள்ளும். அண்ணன் தம்பி நால்வர் சேர்ந்து விற்றால்தான் சிக்கல்: 'நான்' நாங்களாகி, 'பெற்றுக்கொண்டேன்' பெற்றுக்கொண்டோமாக வேண்டும். விவேகி அதற்குத் தனி டெம்ப்ளேட் வைத்துக்கொள்வார்.

உண்மையான கண்டம் ரூபாயை எழுத்தால் எழுதுவதில். வேர்டின் 'கார்டுடெக்ஸ்ட்' வசதி 9,99,999-உடன் கையை விரித்துவிடும். பத்து லட்சம் என்றதும் பிழைச்செய்திதான். ரிங் ரோட்டோரம் மனை விலை விசாரித்தவர்களுக்கு இதன் போதாமை புரியும். ஆகவே தமிழுக்கென்று தனியாக எழுத வேண்டும். 25,00,000 'இருபத்தைந்து லட்சம்'. 25,60,000 ஆனால் லட்சம் 'லட்சத்து' என்று நெளிந்து அறுபதாயிரத்துக்கு வழிவிட வேண்டும். ஒன்பதோ கலகக்காரன்: 90 தொண்ணூறு, 900 தொள்ளாயிரம், 9,000 மட்டும் நல்ல பிள்ளையாக ஒன்பதாயிரம். நிரலில் பாதி வரிகள் இந்த ஒன்பதைச் சமாதானப்படுத்தவே போகும்.

மேக்ரோவுக்குக் கெட்ட பெயரும் உண்டு. 1999 மார்ச்சில் மெலிசா வைரஸ் வேர்டு கோப்புக்குள் ஒளிந்து மின்னஞ்சல்களில் பரவியது. 2022 முதல், இணையம் வழியே வந்த கோப்பின் மேக்ரோவை மைக்ரோசாஃப்ட் தானாகவே முடக்கிவிடுகிறது. சென்னையிலிருந்து மருமகன் மெயிலில் அனுப்பும் டெம்ப்ளேட் திருமங்கலத்தில் வாய் திறக்காததற்குக் காரணம் இதுவே. கோப்பின் பிராபர்ட்டீஸில் 'அன்பிளாக்' கட்டத்தில் டிக் அடிக்க வேண்டும்.

எஞ்சியிருப்பது நான்குமால், அதாவது நிலத்தின் நான்கு புறத்து எல்லை விவரம். தாய்ப்பத்திரத்திலிருந்து இதை அப்படியே ஒட்டினால், என்றோ காலமானவர் இன்னமும் வடபுறத்தில் குடியிருப்பார். வெட்டிய புளியமரம் கிழக்கெல்லையில் தழைத்து நிற்கும். எனவே பெயர், தொகை, தேதி எல்லாவற்றையும் தானே இட்டு நிரப்பும் மேக்ரோ, நான்குமாலுக்கு மட்டும் நான்கு வெற்றுக் கட்டங்களைக் காட்டுவதே முறை. ஒன்று காலியாக இருந்தாலும் அச்சுக்குப் போக விடக்கூடாது. கடைக்காரர் தலையை நிமிர்த்தி, எதிரே இருப்பவரிடம் கேட்பார்: “வடக்க இப்ப யாரு இருக்கா, அண்ணே?”